புகைபோக்கியும் இலைத்துளையும்

நெய்வேலியில் வானத்தைப் பார்த்துத் திறந்திருக்கும் வாய்கள் இரண்டு வகை. ஒன்று அனல் மின் நிலையத்தின் புகைபோக்கி. வடலூர்ப் பக்கமிருந்து வந்தாலும் விருத்தாசலம் பக்கமிருந்து வந்தாலும் ஊர் தெரிவதற்கு முன்பே அது தெரிந்துவிடும். மற்றொன்று இலைத்துளை. ஒரு மில்லிமீட்டரை ஐம்பது கூறாக்கினால் அதில் ஒரு கூறு அளவுதான் இருக்கும். டவுன்ஷிப்பின் ஒவ்வொரு வட்டத்திலும் சாலையோரம் நிற்கும் மரங்களிலும், குவார்ட்டர்ஸ் தோட்டங்களில் வளர்ந்திருக்கும் மா, பலா, வேம்பிலும் அந்தத் துளைகள் கோடிகோடியாக இருக்கின்றன. முதல் வாய் விடுவதைப் பற்றி நாம் தலைமுறைகளாகப் பேசிவருகிறோம். இரண்டாவது வாயைப் பற்றி, அது ஆக்சிஜன் தருகிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்ததோடு நிறுத்திக்கொண்டோம்.

இலை ஆக்சிஜனை மட்டும் விடுவதில்லை. எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்கள் பலவற்றையும் விடுகிறது. அவற்றில் அளவில் மிகப் பெரியது ஐசோப்ரீன்: ஐந்து கரிம அணுக்களும் எட்டு ஹைட்ரஜன் அணுக்களும் சேர்ந்த சிறிய மூலக்கூறு. உலகத் தாவரங்கள் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 50 கோடி டன் ஐசோப்ரீனைக் காற்றில் விடுகின்றன என்பது இப்போதைய மதிப்பீடு. இயற்கையும் மனிதரும் சேர்ந்து விடும் மீத்தேனுக்கு ஏறத்தாழ நிகரான அளவு இது. நம் வண்டிகளும் ஆலைகளும் பெயிண்டும் பெட்ரோல் பங்குகளும் சேர்ந்து வெளியிடும் கரிம ஆவிகளை இதோடு ஒப்பிட்டால், மரங்கள்தான் பல மடங்கு முன்னே நிற்கின்றன.

இவ்வளவு பெரிய விஷயம் நெடுநாள் யார் கண்ணிலும் படவில்லை. ஐசோப்ரீனுக்குச் சொல்லிக்கொள்ளும்படி மணம் கிடையாது, நிறமும் கிடையாது. 1950-களில் ஜார்ஜியாவில், அப்போதைய சோவியத் நாட்டின் திபிலிசி நகரில், குயிவி சனாட்சே என்ற தாவரவியலாளர்தான் இலைகளிலிருந்து இது வெளிவருவதைக் கண்டு சொன்னார். அதே காலத்தில் அமெரிக்காவில் ஃபிரிட்ஸ் வென்ட், காடுகளுக்கு மேலே வெயில் நாளில் படரும் நீல மூட்டம் மரங்கள் விடும் டெர்பீன் என்ற மண ஆவிகளிலிருந்து பிறப்பது என்று 1960-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். சோவியத் உதவியோடு நெய்வேலியில் முதல் அனல் மின் நிலையம் எழுந்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை.

மரம் ஏன் இதை விடுகிறது? அரும்பாடுபட்டு ஒளிச்சேர்க்கையில் சேர்த்த கரிமத்தில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கை, கடும் வெயிலில் அதற்கும் மேலாக, காற்றில் விடுவது எந்தக் கணக்கில் சேரும்? 1995-இல் தாமஸ் ஷார்க்கியும் எரிக் சிங்சாஸும் முன்வைத்த விளக்கம், வெப்பத்தைத் தாங்குவதற்கு என்பது. வெயில் பட்ட இலையின் சூடு சட்டென்று ஏறும்போது உள்ளிருக்கும் ஒளிச்சேர்க்கை அமைப்பு குலையாமல் இருக்க ஐசோப்ரீன் உதவுகிறது. எப்படி உதவுகிறது என்பதில் வாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் வெப்பத்தோடு அதற்குள்ள உறவில் ஐயம் இல்லை. சூடு ஏற ஏற வெளியீடு வேகமாக ஏறுகிறது, ஏறத்தாழ 40 டிகிரி செல்சியஸ் வரை. கடலூர் மாவட்டத்தில் கத்திரி வெயில் அடிக்கும் வெப்பமும் அதுதான்.

எல்லா மரமும் ஐசோப்ரீனை விடுவதில்லை. விடுகிறவற்றில் நமக்கு நன்றாகத் தெரிந்தது தைலமரம். ஒரே மரத்தில் இரண்டு விதமான ஆவிகள் இருப்பதால் இதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். முற்றிய தைல இலை ஒன்றைப் பறித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், ஊசியால் குத்தியதுபோல ஒளி ஊடுருவும் சிறு புள்ளிகள் தெரியும். ஒவ்வொன்றும் ஓர் எண்ணெய்ச் சுரப்பி. கொய்யா இலையிலும் நாவல் இலையிலும் இதே புள்ளிகளைக் காணலாம், மூன்றும் ஒரே குடும்பம். கசக்கினால் மூக்கில் ஏறும் சினியோல் இங்கேதான் சேமிக்கப்பட்டிருக்கிறது. நீலகிரியில் காய்ச்சி வடித்துப் பாட்டிலில் அடைக்கிற தைலமும் இதுவே. சேமித்துவைத்த பொருள் என்பதால் இது இரவிலும் கசியும், சூடு கூடினால் கூடுதலாகக் கசியும். ஐசோப்ரீன் அப்படியல்ல. அதற்குச் சேமிப்பு கிடையாது. பசுங்கணிகத்தில் வெளிச்சம் படும்போது உருவாகி அப்போதே வெளியேறுகிறது. வெளிச்சம் போனால் சில நிமிடங்களில் நின்றுவிடுகிறது. மூக்குக்குத் தெரியும் சினியோலைவிட, மூக்குக்கே தெரியாத ஐசோப்ரீன்தான் காற்றின் வேதியியலில் பெரிய கை.

இனிப் புகைபோக்கியின் பக்கம் வருவோம். 1956-இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கியது. 1962-இல் முதல் 50 மெகாவாட் அலகு ஓடத் தொடங்கி, எட்டே ஆண்டுகளில் முதல் நிலையம் 600 மெகாவாட்டை எட்டியது. அதன் பிறகு 1,470 மெகாவாட்டில் இரண்டாம் நிலையம், 420 மெகாவாட்டில் முதல் நிலையத்தின் விரிவாக்கம், 1,000 மெகாவாட்டில் புதிய நிலையம். பழைய முதல் நிலையம் 2020-இல் மூடப்பட்டது. பழுப்பு நிலக்கரியில் பாதி ஈரம். ஆகவே ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோ எரிக்க வேண்டியிருக்கிறது. எரிவதும் தாவரம்தான். மயோசீன் காலத்துச் சதுப்புக் காடு அது. நெய்வேலி நிலக்கரிப் படுகையின் மகரந்தத் துகள்களை 1960-களில் சி.ஜி.கே. ராமானுஜம் நுண்ணோக்கியில் வைத்துப் படித்தபோது, பனை வகைகளும் சதுப்பு நில மரங்களும் நிறைந்த ஒரு காடு அவருக்குக் கிடைத்தது. அந்தக் காட்டின் பிசின் துணுக்குகள் இன்றும் நிலக்கரிக்குள் இருக்கின்றன. ஆவியாகிப் போகாமல் மரத்திலேயே தங்கி இறுகிவிட்ட டெர்பீன்கள் அவை.

அந்தக் காடு எரியும்போது கரியமில வாயுவும் கந்தக டையாக்சைடும் சாம்பலும் வருவதை எல்லோரும் அறிவோம். இந்த ஒப்பீட்டுக்கு முக்கியமானது நைட்ரஜன் ஆக்சைடு. உலையின் கடும் வெப்பத்தில் காற்றின் நைட்ரஜனே ஆக்சிஜனோடு சேர்ந்துவிடுகிறது. எரிபொருளில் உள்ள நைட்ரஜனும் கூடவே எரிகிறது. புகைபோக்கியை விட்டு வெளியேறும்போது இதில் பெரும்பகுதி நைட்ரிக் ஆக்சைடு. 2015 டிசம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அனல் மின் நிலையங்களுக்கு இதற்கென்று முதன்முறையாக வரம்பு விதித்தது. 2003-க்குள் நிறுவிய அலகுகளுக்குக் கன மீட்டருக்கு 600 மில்லிகிராம், 2017 முதல் நிறுவுபவற்றுக்கு 100. இடைப்பட்ட காலத்து அலகுகளுக்கு 300 என்றிருந்ததைப் பின்னர் 450 ஆகத் தளர்த்தினார்கள். ஒரே ஊரில், ஒரே நிலக்கரியை எரிக்கும் பழைய அலகுக்கும் புதிய அலகுக்கும் ஆறு மடங்கு இடைவெளி என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு வாய்களின் வேலை நேரமும் வேறு. உலை இரவும் பகலும் எரியும். மின்தேவையைப் பொறுத்துச் சற்று ஏறும், சற்று இறங்கும். ஐசோப்ரீன் சூரியனோடு எழுந்து சூரியனோடு அடங்கும், நடுப்பகலுக்குப் பிந்திய இரண்டு மூன்று மணி நேரத்தில் உச்சம் தொடும். ஆயுளும் வேறு. பகல் வெளிச்சத்தில் ஐசோப்ரீன் ஓரிரு மணி நேரத்துக்குமேல் நிற்பதில்லை. காற்றிலுள்ள ஹைட்ராக்சில் என்ற துடிப்பான மூலக்கூறு அதைப் பிடித்து உடைத்துவிடும். புகைபோக்கி விட்ட கரியமில வாயுவோ நம் பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் காலத்திலும் காற்றில் இருக்கும்.

இவ்வளவு வேறுபாடுகளுக்கு நடுவே இவை சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. ஐசோப்ரீன் உடையும்போது பிறக்கும் துணுக்குகள் நைட்ரிக் ஆக்சைடோடு மோதி அதை நைட்ரஜன் டையாக்சைடாக மாற்றுகின்றன. வெயில் அதை மறுபடி பிளக்கிறது. பிளவில் விடுபடும் ஓர் ஆக்சிஜன் அணு, காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து ஓசோன் ஆகிறது. நைட்ரிக் ஆக்சைடோ அழியாமல் மறுசுற்றுக்குத் தயாராகிறது. பாலும் உறைமோரும் போலத்தான். பால் தானாகத் தயிராகாது, துளி மோர் விழ வேண்டும். குடம் நிறைய ஐசோப்ரீன் இருந்தாலும் நைட்ரஜன் ஆக்சைடு இல்லாவிட்டால் ஓசோன் சேராது, சொல்லப்போனால் குறையவும் கூடும். உயரே அடுக்கு மண்டலத்தில் நம்மைக் காக்கும் அதே ஓசோன் தரையில் மூச்சுக்குழாயை அரிக்கும், இலையைப் பழுப்பாக்கும், நெல்மணியின் எடையைக் குறைக்கும்.

இந்தச் சுழலின் முதல் முடிச்சை அவிழ்த்தவர் ஒரு வாசனை ஆய்வாளர் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. கலிஃபோர்னியாவில் அன்னாசிப் பழத்தின் மணம் எந்தெந்தச் சேர்மங்களால் ஆனது என்று ஆராய்ந்துகொண்டிருந்த ஏரி ஹாகன்ஸ்மிட், லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துக் காற்றையும் அதே முறையில் குளிர்வித்துப் பிடித்து ஆராய்ந்தார். கரிம ஆவியும் நைட்ரஜன் ஆக்சைடும் வெயிலும் சேர்ந்தால் ஓசோன் என்று 1950-களின் தொடக்கத்தில் காட்டினார். அவர் மனத்தில் இருந்த கரிம ஆவி பெட்ரோல் ஆவி. மரத்தின் ஆவியும் அதே வேலையைச் செய்யும் என்பது கணக்கில் ஏற 1988 ஆயிற்று. அட்லாண்டா நகரத்தைச் சுற்றியுள்ள காடுகளின் வெளியீட்டைச் சேர்க்காமல் அந்நகரத்தின் ஓசோனைக் குறைக்க முடியாது என்று வில்லியம் காமைடிஸ் குழு அந்த ஆண்டு எழுதியது. மோட்டார் வண்டியின் கரிம ஆவியை மட்டும் கட்டுப்படுத்திப் பயனில்லை, நைட்ரஜன் ஆக்சைடைக் குறைத்தாக வேண்டும் என்பது அதன் விளைவு.

நெய்வேலியைப் புரிந்துகொள்ள இரண்டு வெளியூர்ச் சாட்சிகள் போதும். ஒன்றில் மரம் மட்டும், மற்றொன்றில் மரமும் புகைபோக்கியும்.

முதலாவது மலேசியாவின் சபா மாநிலம். 2008-இல் நிக் ஹியூவிட் தலைமையிலான பிரிட்டிஷ் ஆய்வுக் குழு அங்கே மழைக்காட்டையும் அதை அடுத்த செம்பனைத் தோட்டத்தையும் அளந்தது. செம்பனைத் தோட்டம் மழைக்காட்டைவிடப் பல மடங்கு ஐசோப்ரீனை விட்டது. ஆனால் தரைமட்ட ஓசோன் இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். காரணம், சுற்றிலும் நைட்ரஜன் ஆக்சைடு மிகக் குறைவு. தொழில்மயமான நாடுகளில் உள்ள அளவுக்கு அது ஏறினால் அதே தோட்டத்தின் மேல் ஓசோன் உடல்நலத்துக்குக் கேடான அளவைத் தாண்டும் என்று 2009-இல் வெளியிட்ட கட்டுரையில் அவர்கள் எச்சரித்தார்கள்.

இரண்டாவது அமெரிக்காவில். தாமஸ் ரையர்சன் குழு நிலக்கரி மின் நிலையங்களின் புகைத்தடத்துக்குள்ளேயே விமானத்தை ஓட்டி அளந்து 2001-இல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதியது. ஒரு டன் நைட்ரஜன் ஆக்சைடுக்கு எவ்வளவு ஓசோன் கிடைக்கும் என்பது எங்கும் ஒன்றாக இல்லை. புகை எவ்வளவு அடர்த்தியாக வருகிறது, போகிற வழியில் எவ்வளவு ஐசோப்ரீன் இருக்கிறது என்ற இரண்டையும் பொறுத்து அது மாறுகிறது. பெரிய நிலையத்தின் அடர்ந்த புகையில் நைட்ரிக் ஆக்சைடு மிகுந்திருப்பதால் அது ஆரம்பத்தில் ஓசோனைத் தின்றுவிடுகிறது. புகை விரிந்து நீர்த்துக் காடுகளின் மேல் நகர்ந்த பிறகே ஓசோன் சேர்கிறது. அதாவது புகைபோக்கியின் நிழலில் ஓசோன் குறைவாகவும், பல கிலோமீட்டர் தள்ளி அதிகமாகவும் இருக்கும்.

இந்தக் கடைசி வாக்கியத்தை நெய்வேலி வரைபடத்தின் மேல் வைத்துப் பாருங்கள். கோடையின் பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்து நுழையும்போது புகை விருத்தாசலம் பக்கம் சாய்கிறது. ஆனி, ஆடி மேல்காற்றில் வடலூர், குறிஞ்சிப்பாடி, கடலூர் என்று கிழக்கே போகிறது. இரு திசையிலும் வழிநெடுக முந்திரி, சவுக்கு, தைலம், பலா, அவற்றுக்கு இடையே நெல், கரும்பு, நிலக்கடலை. டவுன்ஷிப்புக்குள் ஓர் ஓசோன் மானியை நிறுத்திவிட்டு அளவு குறைவு என்று நிம்மதி அடைவது இந்த வேதியியலுக்கு ஒத்துவராது. இந்தியத் தரநிலைப்படி எட்டு மணி நேரச் சராசரி கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. அந்த வரம்பு சோதிக்கப்பட வேண்டிய இடம் காற்று போய்ச் சேரும் ஊர்களே. மின்சாரமும் வேலையும் வந்த இடம் ஒன்று, ஓசோன் போகும் இடம் வேறொன்று. சுரங்கத்துக்கு நிலத்தையும் நிலத்தடி நீரையும் கொடுத்த சுற்றுக் கிராமங்களின் கணக்கில் இதுவும் சேர வேண்டும். புணேயின் வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த சச்சின் குடே குழு 2014-இல் வெளியிட்ட மதிப்பீட்டில், 2005-ஆம் ஆண்டு மட்டும் ஓசோனால் இந்தியா இழந்த நெல் 21 லட்சம் டன், கோதுமை 35 லட்சம் டன்.

கந்தகத்துக்கும் இதில் பங்கு உண்டு. கந்தக டையாக்சைடு காற்றில் சல்பேட் துகள்களாக மாறும்போது, ஐசோப்ரீன் உடைந்து பிறந்த சேர்மங்கள் அந்த அமிலத் துகள்களில் ஒட்டி நுண்துகள்களைப் பெருக்குகின்றன. நுரையீரலுக்குள் போகும் அந்தத் துகளில் கரிமம் இலையுடையது, அதைப் பிடித்துவைத்த அமிலம் புகைபோக்கியுடையது.

இவ்வளவையும் படித்துவிட்டு, மரமும் மாசு செய்கிறதே என்று யாராவது சொல்லக் கிளம்பினால் அது பெரும் அநியாயம். 1980-இல் அமெரிக்க அதிபர் தேர்தலில் நின்ற ரொனால்ட் ரீகன் ஏறக்குறைய அப்படித்தான் பேசினார். மரத்தையும் ஆலையையும் ஒரே தட்டில் வைத்தார். சபாவின் செம்பனை அந்தப் பேச்சுக்குப் பதில். மரத்தின் ஆவி தனியே நின்று கெடுதல் செய்யவில்லை. பல கோடி ஆண்டுகளாகக் காற்றில் கலந்துவந்த அந்த ஆவிக்கு, அறுபது ஆண்டுகளாகத்தான் நெய்வேலியில் புகைபோக்கியின் துணை வாய்த்திருக்கிறது. இன்னொரு வேறுபாடு அதைவிடப் பெரியது. இலைத்துளை விடுவதோடு நிற்பதில்லை, வாங்கவும் செய்கிறது. ஓசோனையும் நைட்ரஜன் டையாக்சைடையும் இலை தனக்குள் இழுத்துக்கொள்கிறது, சாம்பல் தூசியை மேற்பரப்பில் தாங்குகிறது, நிழல் தந்து வெப்பத்தைத் தணிக்கிறது. புகைபோக்கி எதையும் திரும்ப வாங்குவதில்லை.

ஆனாலும் எந்த மரம் என்ற கேள்வி இருக்கிறது. நெய்வேலிக்கு அது ஏட்டுக் கேள்வி அல்ல. ஒரு டன் நிலக்கரி எடுக்க ஐந்து கன மீட்டருக்கும் மேலே மேல்மண்ணைப் புரட்ட வேண்டிய சுரங்கம் இது. புரட்டிக் கொட்டிய மண் குன்றுகளாக நிற்கிறது, அந்தக் குன்றுகளை மரத்தால் மூடியாக வேண்டும். சத்தில்லாத அந்த மண்ணில் சீக்கிரம் பிடித்து வளர்பவை என்றால் தைலமும் சவுக்கும் முதலில் நினைவுக்கு வருவது இயல்பு. தைலமரத்தின் மேல் நம் ஊரில் உள்ள பழைய குறை, அது நீரை உறிஞ்சுகிறது என்பது. அதன் மூச்சைப் பற்றி யாரும் கேட்டதில்லை. டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் சி.கே. வர்ஷ்னியும் அவருடைய மாணவர்களும் 2000-களின் தொடக்கத்தில் இந்திய மரங்களின் ஐசோப்ரீனை வரிசையாக அளந்தபோது, ஒரு மரத்துக்கும் இன்னொரு மரத்துக்கும் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு தெரிந்தது. மொகாலி அறிவியல் கல்வி ஆய்வு நிறுவனத்தின் வினாயக் சின்ஹா குழு ஒரு படி மேலே போய், நகரத்தில் நடும் மரம் காற்றின் தரத்துக்கு என்ன செய்யும் என்று மதிப்பிட 2021-இல் ஒரு குறியீட்டையே உருவாக்கித் தந்தது. இத்தனை லட்சம் கன்று நட்டோம் என்று எண்ணிக்கை மட்டும் சொல்லும் பழக்கத்திலிருந்து வெளியே வர இப்படி ஒரு கருவி நாட்டுக்குள்ளேயே இருக்கிறது.

உலை எரியும்வரை, புகைபோக்கியின் காற்றுவழியில் ஐசோப்ரீன் மிகுந்த மரங்களை ஒரே வகையாகப் பரப்புவதைத் தவிர்க்கலாம். மூடப்பட்ட முதல் நிலையத்தைப்போல மற்றவையும் ஒருநாள் மூடப்படும்போது அதே தைலமரத்தின் ஆவியால் தொல்லை இல்லை. அதுவரை முதல் கடமை உலைக்குரியது. பழைய அலகுகளில் நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கும் தடுப்புகள், தளர்த்தப்படாத வரம்புகள். அடுத்தது அளப்பது. விருத்தாசலத்தில் முந்திரியையும் ஆராயும் வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே ஒன்று, குறிஞ்சிப்பாடியின் நெல்வயல் ஓரத்தில் ஒன்று என்று ஓசோன் மானிகளை வைக்கலாம். பங்குனி முதல் ஆடி வரை, நடுப்பகலிலிருந்து பொழுது சாயும் வரை, ஓசோனோடு நைட்ரஜன் ஆக்சைடையும் ஐசோப்ரீன் உடையும்போது பிறக்கும் ஃபார்மால்டிஹைடையும் சேர்த்து அளந்தால், எந்தக் காற்றில் எந்தப் பக்கம் எவ்வளவு என்று ஊருக்குச் சொல்லிவிட முடியும்.